துப்புரவு செய்ய வேண்டியது பட்டியலையா, மனிதர்களையா?

என் தாயார் காலமாகி ஆறு ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் அவர் பிறந்த மாதத்தில் கொழும்பிலுள்ள நகைக் கடையொன்று அவருக்கு வாழ்த்து மடல் அனுப்பத் தவறுவதில்லை. அதுவும் ஒன்றல்ல, இரண்டு. ஒன்றில் அவருடைய பெயருக்கு முன்னால் அவரது தகப்பனாரின் முதலெழுத்து இருக்கும். மற்றையதில் என் தந்தையாரின் முதலெழுத்து இருக்கும். எந்தப் படிவத்தில் எதனை எழுதிக் கொடுத்தாரோ தெரியவில்லை. கடைக்காரரின் கணினிக்கு அவர் இரண்டு பெண்மணிகள். இருவரும் உயிரோடு இருக்கின்றார்கள்.

மூன்று தடவை அறிவித்துவிட்டேன். முதற் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, தங்கள் மேலான கருத்துக்கு நன்றி என்று அச்சடித்த அட்டை வந்தது, அதுவும் அம்மாவின் பெயருக்கே. மூன்றாவது தடவை தொலைபேசியில் பேசினேன். மறுமுனையில் இருந்த பிள்ளை மிகுந்த பண்புடன் மன்னிப்புக் கேட்டு, “அம்மாவின்ர பெயரை எடுத்துவிட்டோம் ஐயா” என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்றே நம்புகின்றேன். ஆனால் அடுத்த ஆண்டும் இரண்டு மடல்கள் வந்தன.

இது ஒரு குடும்பத்தின் சிறு மனக்குறை. இதற்காக நான் இங்கு எழுத வந்திருக்க மாட்டேன். எழுத வைத்தது சில மாதங்களுக்கு முன்னர் கொழும்பில் நடைபெற்ற சந்தைப்படுத்தல் கருத்தரங்கொன்று. வங்கிகளுக்கும் காப்புறுதி நிறுவனங்களுக்கும் பெருங்கடைகளுக்கும் விலாசப் பட்டியல் தயாரித்துக் கொடுக்கும் நிறுவனமொன்றின் அதிகாரி அங்கு பேசினார். நேரடி அஞ்சல் விளம்பரத்தில் பணம் வீணாவதற்கு முதற் காரணம் பிழையான விலாசங்களே என்றார். சரிதான். திரும்பிவரும் கடிதங்களைக் குறைப்பதற்குத் தாம் மேற்கொண்ட ‘தரவுத் துப்புரவு’ பற்றி விளக்கினார். அதன் சாரம் இதுதான்: வடக்குக் கிழக்கு விலாசங்களிலும் தோட்டப்புற விலாசங்களிலும் பெரும்பாலானவை ஒழுங்கான விலாசங்கள் அல்ல, ஆகவே அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம், திரும்பிவரும் கடிதங்களின் வீதம் உடனடியாகக் குறைந்துவிட்டது.

மண்டபம் கைதட்டியது. நானும் கைதட்டினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் எதற்குக் கைதட்டினேன் என்பது உறைத்தது. ஒரு விலாசமேனும் அங்கு திருத்தப்படவில்லை. பட்டியலிலிருந்து அகற்றப்பட்டவை பிழைகள் அல்ல, மனிதர்கள். அதன் பெயர் துப்புரவாம்.

விளம்பரக் கடிதம் வராவிட்டால் என்ன குடிமுழுகிப் போய்விடும், வராமலிருப்பதே நல்லது என்று வாசகர்கள் சிலர் நினைக்கலாம். நானும் குப்பைக் கூடையை வாசலருகே வைத்திருப்பவன்தான். ஆனால் நிறுவனங்கள் விளம்பரத்துக்கு ஒரு பட்டியலும் முக்கிய அறிவித்தல்களுக்கு வேறொரு பட்டியலும் வைத்திருப்பது அருமை. காப்புறுதிக் கட்டணம் தவறினால் ஒப்பந்தம் காலாவதியாகும் என்ற கடிதமும், வட்டி வீதம் மாறுகின்றது என்ற கடிதமும், புதிய வங்கி அட்டையும் பெரும்பாலும் அதே தரவுத்தளத்தின் அதே வரியிலிருந்துதான் புறப்படுகின்றன. விளம்பரத்துக்காகக் கெடுக்கப்பட்ட விலாசம் மற்றெல்லாவற்றுக்கும் கெட்டுவிடுகின்றது. அதுமட்டுமன்று. எனக்குக் கடிதம் அனுப்ப வேண்டாம் என்று ஒருவர் கேட்பதானாலும், கேட்டவர் யார் என்பதைப் பட்டியல் சரியாக அறிந்திருக்க வேண்டும். என் தாயார் விடயத்தில் நடந்தது அதுவே. பெற வேண்டியதைப் பெறுவதற்கும் வேண்டாததை மறுப்பதற்கும் விலாசம் சரியாக இருத்தல் அவசியம்.

இனி அந்த அதிகாரி ‘ஒழுங்கற்றவை’ என்று கூறிய விலாசங்களுக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றின் விலாசம் எப்படி இருக்கும்? பெயர், அதன் கீழ் ‘பிள்ளையார் கோவிலடி’, அதன் கீழ் ‘கொக்குவில் கிழக்கு’, அதன் கீழ் ‘கொக்குவில்’. வீட்டிலக்கம் இராது, வீதிப் பெயரும் பல வேளைகளில் இராது. அந்தப் பகுதித் தபாற்காரருக்கு இதுவே தாராளம். எந்தக் கோவில், எந்த ஒழுங்கை, எந்தப் படலை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் கொழும்பில் தயாரிக்கப்பட்ட படிவத்தில் உள்ள கட்டங்கள் வீட்டிலக்கம், வீதி, நகரம் என்பவையே. கோவிலடியை எந்தக் கட்டத்தில் போடுவது? தரவு உள்ளிடும் பிள்ளை இலக்கம் என்ற இடத்தில் ஒரு பூச்சியத்தைப் போடுவார். கோவிலடியை ஆங்கிலத்தில் தமக்குத் தோன்றியபடி எழுதி வீதி என்ற இடத்தில் போடுவார். பின்னர் வீதிப் பெயர்ப் பட்டியலுடன் ஒப்பிடும் மென்பொருள், அப்படியொரு வீதி இல்லை என்று கூறி அந்த வரியைச் சிவப்பாக்கும். சிவப்பானவை எல்லாம் ‘ஒழுங்கற்றவை’. விலாசம் ஒழுங்காகத்தான் இருந்தது. படிவந்தான் ஒழுங்காக இல்லை.

போர்க்காலத்தில் இது இன்னும் சிக்கலாயிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் இரவோடிரவாகத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, பல்லாயிரம் விலாசங்கள் ஒரே நாளில் பொருளற்றுப் போயின. அதன் பின்னர் எத்தனையோ குடும்பங்களின் விலாசம் ‘மே/பா’ என்றே தொடங்கியது. பாடசாலை மே/பா, கோவில் மே/பா, உறவினர் வீடு மே/பா. அந்த ‘மே/பா’ என்பதற்கும் படிவத்தில் கட்டம் கிடையாது. அந்தக் காலத்து விலாசங்கள் சில இன்றும் பட்டியல்களில் அப்படியே கிடக்கின்றன. மீளக் குடியேறியவரிடம், இப்போது எங்கே இருக்கின்றீர்கள் என்று எவரும் கேட்கவில்லை.

அடுத்தது மொழி. பருத்தித்துறைக்கு ஆங்கிலத்தில் பொயின்ற் பீற்றோ, சிங்களத்தில் பேதுருதுடுவ. ஊர்காவற்றுறை ஆங்கிலத்தில் கயிற்ஸ். நெடுந்தீவு டெல்வ்ற். கண்டி சிங்களத்தில் மஹநுவர. இந்நாட்டிற் பிறந்து வளர்ந்த எவருக்கும் இவை புதினமல்ல. ஆனால் ஒரு பெயரை மட்டும் அறிந்த கணினிக்கு மற்றைய இரண்டும் வேற்று ஊர்கள். பெயர் ஒன்றாகி ஊர் வேறாகும் இடர்ப்பாடும் உண்டு. புதுக்குடியிருப்பு முல்லைத்தீவு மாவட்டத்திலும் உண்டு. மட்டக்களப்பு மாவட்டத்திலும் உண்டு. மாவட்டப் பெயரைப் பதியாமல் விட்டால் கடிதம் எந்தப் புதுக்குடியிருப்புக்குப் போகும்?

இதற்குத்தானே அஞ்சற் குறியீடு இருக்கின்றது என்பீர்கள். உண்மை. எமது அஞ்சற் குறியீடு ஐந்து இலக்கங்கள் கொண்டது. யாழ்ப்பாணத்துக்கு 40000, வவுனியாவுக்கு 43000, மட்டக்களப்புக்கு 30000, கண்டிக்கு 20000, பதுளைக்கு 90000. ஊர்ப் பெயர் எந்த மொழியில் எப்படி எழுதப்பட்டாலும் எண் ஒன்றே. ஆனால் எத்தனை நிறுவனங்களின் படிவங்களில் அதற்கு இடம் இருக்கின்றது? இருந்தாலும் நடப்பதைப் பாருங்கள். வெள்ளவத்தை கொழும்பு 6, அதன் குறியீடு 00600. கொட்டாஞ்சேனை கொழும்பு 13, குறியீடு 01300. எக்செல் தாளில் இதனை எண்ணாக உள்ளிட்டால், முன்னால் உள்ள பூச்சியங்களுக்குப் பெறுமதி இல்லை என்று கருதி அது அவற்றை விழுங்கிவிடும். 00600 என்பது 600 ஆகும்; 01300 என்பது 1300 ஆகும். கொழும்பில் உள்ள அஞ்சல் வலயங்கள் 15 மட்டுமே. ‘கொழும்பு 600’ என்று ஒட்டுத்தாளில் அச்சடித்து அனுப்பியவர்களை நான் அறிவேன். அந்த நிரலை எழுத்தாகக் கொள்ளும்படி கணினிக்கு ஒரு தடவை சொன்னால் போதும். அரை நிமிட வேலை. வெள்ளவத்தை விலாசங்களை எவரும் ‘ஒழுங்கற்றவை’ என்று நீக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அங்கு பிழை தங்களுடையது என்று ஏற்றுத் திருத்துகின்றார்கள். கொக்குவிலில் மட்டும் பிழை கொக்குவிலாருடையது.

பெயர் விடயத்தில் நாம் உலகெங்கும் ஒரே துன்பத்தையே அனுபவிக்கின்றோம். தமிழரின் முதலெழுத்து குடும்பப் பெயரன்று. அது தகப்பனின் பெயர். திருமணமான பெண்ணுக்குக் கணவனின் பெயர். ஆகவே ஒரே வீட்டில் தாத்தாவுக்கு ஒரு முதலெழுத்து, தந்தைக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று. குடும்பப் பெயரைக் கொண்டு ஒரு வீட்டாரை அடையாளங் காணும் மேனாட்டு மென்பொருளுக்கு இது மூன்று குடும்பங்கள். ஆதலால் ஒரே விளம்பரப் புத்தகம் மூன்று பிரதிகள் வரும். கனடாவிலும் இலண்டனிலும் வாழும் வாசகர்களுக்கு இதனை நான் விளக்கத் தேவையில்லை. அங்கு வீட்டு விலாசம் துல்லியமாக இருக்கும். உறையின் மேலுள்ள பெயர்தான், இறந்துபோன தகப்பனாரைப் பெயர் சொல்லி அழைத்துக் கொண்டிருக்கும். எழுத்துக் கூட்டல் இன்னொரு கூத்து. சண்முகம், ஷண்முகம், சன்முகம் மூவரும் ஒருவரே. மறுதலையாக, ஒரே ஊரில் வாழும் இரண்டு க. செல்வராசாக்கள் ஒருவரே என்று முடிவு செய்து, ஒருவருடைய பதிவை மற்றவருடையதுடன் கலந்துவிடுவதும் நடக்கின்றது. இரண்டு கடிதம் வருவது எரிச்சல். கலந்துவிடுவது ஆபத்து; ஒருவருடைய கடன் விபரம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

இவை எல்லாவற்றிலும் மோசமானது மலையகத்தில் நடப்பது.

தோட்டத்து லயன்களில் வாழும் குடும்பங்களுக்குத் தனித்தனி விலாசம் என்பது பெரும்பாலும் இல்லை. பெயர், தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், அருகிலுள்ள தபாற் கந்தோர், அவ்வளவுதான். ஒரு பிரிவில் எத்தனை லயன்கள் இருந்தாலும், ஒவ்வொரு லயனிலும் எத்தனை அறைகள் இருந்தாலும், அத்தனை குடும்பங்களுக்கும் அந்த ஒரே விலாசம். பல தோட்டங்களில் கடிதங்கள் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து எவர் கையிலாவது கொடுத்தனுப்பப்பட்டு, கிடைத்தால் கிடைக்கும். நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்த பின்னர் கிடைத்த கதை மலையகத்தில் எந்த ஊரிலும் கேட்கலாம். பத்திரிகையாளன் என்ற முறையில் அப்படிப்பட்ட கடிதங்களைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கின்றேன். உறையின் மேல் உள்ள தபால் முத்திரையின் திகதிக்கும், பிள்ளையின் கைக்கு அது வந்த நாளுக்கும் இடையே நேர்முகத் தேர்வு நடந்து முடிந்திருக்கும்.

இந்த விலாசங்கள் அந்த மென்பொருளுக்குள் போகும்போது என்ன நடக்கின்றது என்று பாருங்கள். நேரடி அஞ்சல் விளம்பரத்தில் ‘ஒரு குடித்தனத்துக்கு ஒரு கடிதம்’ என்றொரு விதி உண்டு. ஒரே விலாசத்தில் பல பெயர்கள் இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை இரட்டிப்பு என்று நீக்கிவிடுவது அதன் முறை. கொள்ளுப்பிட்டியில் ஒரு வீட்டுக்கு இது நியாயமான சிக்கனம். ஒரு தோட்டப் பிரிவுக்கு இதே விதியைப் பயன்படுத்தினால், அங்குள்ள குடும்பங்கள் அனைத்தும் ஒரே குடித்தனமாகிவிடும். ஒருவர் பெயர் மட்டும் மிஞ்சும். மிகுதிப் பேர் ‘இரட்டிப்பு’. அந்த மிஞ்சிய ஒன்றையும் விலாசம் போதாது என்று கூறி அடுத்த கட்டத்தில் நீக்கிவிடுவார்கள். மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டுகள் என்று 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து நினைவுகூர்ந்தோம். இரண்டு நூற்றாண்டுகள் வாழ்ந்த மண்ணில், ஒரு கணினி விதி அவர்களை இரண்டே படிகளில் இல்லாமற் செய்துவிடுகின்றது. அதற்குத்தான் நாங்கள் கைதட்டினோம்.

மற்றைய நாடுகளில் விலாசங்கள் தாமாகவே ஒழுங்காயின என்று எண்ண வேண்டாம். பிரித்தானியாவில் 1959 இல் நோரிச் நகரில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய அஞ்சற் குறியீடு, நாடு முழுவதையும் எட்டியது 1974 இல். இன்று அந்நாட்டு அஞ்சற்சேவையின் விலாசக் கோவையில் 3 கோடிக்கு மேற்பட்ட விலாசங்கள் உள்ளன. கடைக்காரர் குறியீட்டைத் தட்டினால் அந்தத் தெருவின் வீடுகள் வரிசையாக வந்து நிற்கும். ஒன்றைத் தெரிவு செய்தால் போதும். விளம்பரக் கடிதம் வேண்டாம் என்போர் பதிந்து கொள்ளும் ஏற்பாடு 1983 முதல் அங்கு உண்டு. இறந்தவர்களின் பெயரைப் பட்டியல்களிலிருந்து அகற்றுவதற்கெனவே தனிப் பதிவேடுகளும் உண்டு.

அமெரிக்காவில் 1963 இல் ஐந்திலக்கக் குறியீடு வந்தது. 1983 இல் அது ஒன்பது இலக்கமாக விரிந்தது. வீடு மாறியவர்கள் அஞ்சலகத்துக்குத் தெரிவித்த விபரங்கள் ஏறத்தாழ 16 கோடி அந்நாட்டு அஞ்சற்சேவையிடம் இருக்கின்றன. அவை 48 மாதங்கள் பேணப்படுகின்றன. மொத்தமாக அஞ்சல் செய்யும் நிறுவனம் சலுகைக் கட்டணம் பெற வேண்டுமாயின், அனுப்புவதற்கு முந்திய 95 நாட்களுக்குள் தனது பட்டியலை வீடு மாறியோர் விபரத்துடன் சரிபார்த்திருக்க வேண்டும் என்பது விதி. இதன் தாற்பரியத்தைக் கவனியுங்கள். பட்டியலைச் சரிபார்க்காதவர் அதிகம் செலுத்துகின்றார். பிழையின் விலையைப் பட்டியல் வைத்திருப்பவரே கொடுக்கின்றார். எமது நாட்டில் பிழையின் விலையை விலாசத்துக்குரியவர் கொடுக்கின்றார். வேறுபாடு தொழில்நுட்பத்தில் இல்லை, இங்குதான் இருக்கின்றது.

வீதியும் இலக்கமும் இல்லாத இடத்துக்கு எப்படி விலாசம் கொடுப்பது என்ற சாட்டும் இனி எடுபடாது. 1972 ஓகஸ்ட் 15 இல் ஆறிலக்க அஞ்சற் குறியீட்டை ஏற்படுத்திய இந்தியா, 2025 இல் டிஜிபின் என்ற பத்தெழுத்துக் குறியீட்டை வெளியிட்டிருக்கின்றது. அது நாட்டை ஏறத்தாழ 4 மீற்றருக்கு 4 மீற்றர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குறியீடு கொடுக்கின்றது. 10 அடிக்கு 12 அடி லயன் அறையொன்று ஏறத்தாழ அந்தக் கட்டத்தின் அளவுதான். அந்த முறையை அப்படியே இங்கு கொண்டுவர வேண்டும் என்று நான் வாதிடவில்லை. லயனுக்கு ஓர் எண், அறைக்கு ஓர் எண் என்று கதவில் பூச்சுத் தூரிகையால் எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும். முடியாது என்று சொல்பவர்களுக்கு மனம் இல்லை என்பதே என் வாதம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் பத்திரிகைத் தொழிலும் இதில் குற்றமற்றதன்று. நான் இளைஞனாகத் தொழிலுக்குச் சேர்ந்த காலத்தில், சந்தாதாரர்களுக்கு அனுப்பித் திரும்பி வந்த பத்திரிகைக் கட்டுகள் விநியோகப் பிரிவின் மூலையில் சாக்குகளில் கிடக்கும். மாத முடிவில் பழைய கடதாசிக்காரரிடம் போய்விடும். அங்கிருந்த வயதான எழுதுவினைஞர் ஒருவர் மட்டும் மதிய இடைவேளையில் சாக்கை அவிழ்த்து, சுற்றுத்தாள்களில் தபாற்காரர் பென்சிலால் எழுதியிருப்பவற்றை வாசித்துக் கொண்டிருப்பார். ‘காலமாகிவிட்டார்’, ‘இடம்பெயர்ந்துவிட்டார்’, ‘மகளிடம் வவுனியாவில்’. அவற்றைப் பேரேட்டில் சிவப்பு மையால் குறிப்பார். எதற்கு ஐயா இந்த வீண் வேலை என்று ஒருநாள் கேட்டேன். “திரும்பி வந்த கடிதந்தான் தம்பி எங்களுக்குப் பதில் போட்ட கடிதம்” என்றார். அவர் ஓய்வு பெற்ற பின்னர் அந்தப் பேரேட்டை எவரும் தொடவில்லை. பட்டியல் கணினிக்கு மாறியபோது சிவப்பு மைக் குறிப்புகள் அதனுடன் போகவில்லை.

அந்தப் பெரியவர் செய்ததைத்தான் நான் இன்றைய நிறுவனங்களிடமும் கேட்கின்றேன். பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை.

முதலாவது, படிவத்தைத் திருத்துங்கள். கோவிலடி, ஒழுங்கை, தோட்டப் பிரிவு, லயன் இலக்கம், மே/பா என்பவற்றுக்கு இடம் வையுங்கள். கிராம அலுவலர் பிரிவு, தபாற் கந்தோர், ஐந்திலக்கக் குறியீடு ஆகியவற்றைக் கட்டாயமாகக் கேளுங்கள். யாழ். மாவட்டத்தில் கிராம அலுவலர் பிரிவுகளுக்கு ஜே என்ற எழுத்துடன் இலக்கம் உண்டு. ஊர்ப் பெயர் குழம்பினாலும் அது குழம்பாது.

இரண்டாவது, விலாசத்தை அதற்குரியவர் தம் மொழியில் எழுதியவாறே வைத்திருங்கள். ஆங்கில வடிவம் வேண்டுமானால் பக்கத்தில் வையுங்கள், மூலத்தை அழிக்காதீர்கள். கடிதத்தைக் கொண்டு போய்க் கொடுப்பவர் கொக்குவில் தபாற்காரர். கொழும்பு மென்பொருள் அல்ல.

மூன்றாவது, திரும்பி வந்த ஒவ்வொரு கடிதத்தையும் காரணத்துடனும் திகதியுடனும் பதியுங்கள். ஒரு தடவை திரும்பினால் தொலைபேசியில் கேளுங்கள். கேட்டும் கிடைக்காவிட்டால் அனுப்புவதை நிறுத்தி வையுங்கள். கேளாமல் நீக்காதீர்கள். செலவு அதிகம் என்பார்கள். திரும்பி வரும் கடிதத்துக்குக் கடதாசி, அச்சு, உறை, முத்திரை அனைத்துக்கும் ஏற்கனவே செலவு செய்துவிட்டு, ஒரு தொலைபேசி அழைப்புக்குக் கணக்குப் பார்ப்பது என்ன சிக்கனம்?

நான்காவது, இறந்தவர்களின் பெயர்களையும் வேண்டாம் என்றவர்களின் பெயர்களையும் வெறுமனே அழித்துவிடாதீர்கள். என் தாயாரின் மடல் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றது என்பது எனக்கு இப்போது விளங்குகின்றது. அந்தப் பிள்ளை உண்மையாகவே பெயரை நீக்கியிருப்பார். அடுத்த ஆண்டு பழைய பட்டியலை மறுபடி ஏற்றியபோது பெயரும் மறுபடி ஏறியிருக்கும். அழித்த கணினிக்கு எதனை அழித்தோம் என்ற நினைவு இராது. ஆகவே அனுப்பலாகாதோர் என்றொரு தனிப் பட்டியல் வைத்து, ஒவ்வொரு தடவையும் அனுப்புமுன் அதனுடன் ஒப்பிட வேண்டும்.

ஐந்தாவது, ஒரே விலாசம் என்பதால் ஒரே குடித்தனம் என்று கொள்ளாதீர்கள். ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் என்பதால் ஒரே ஆள் என்றும் கொள்ளாதீர்கள். இரண்டு பதிவுகளைச் சேர்க்குமுன் ஒரு மனிதக் கண் அதனைப் பார்க்கட்டும்.

சட்டமும் இதனையே சொல்கின்றது. ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையிலுள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று, தனிநபர் விபரங்கள் சரியானவையாகவும் இற்றைப்படுத்தப்பட்டவையாகவும் இருத்தல் வேண்டும் என்பது. எமது நாட்டின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதே கடப்பாட்டை விதிக்கின்றது. பிழையைத் திருத்தும்படி கோரும் உரிமையையும் தருகின்றது. ஆனால் அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த வேளையில் அத்திகதி பின்போடப்பட்டது. நிறுவனங்கள் ஆயத்தமாவதற்கு அவகாசம் வேண்டுமாம். மூன்று ஆண்டுகள் போதவில்லை என்றால், படிவத்தில் ஒரு கட்டம் சேர்ப்பதற்கு இவர்களுக்கு எத்தனை ஆண்டுகள் வேண்டும்?

இன்று எல்லாம் கைத்தொலைபேசியில் வந்துவிட்டதே, கடிதத்தைப் பற்றி ஏன் இந்தப் புலம்பல் என்று இளைய நண்பர்கள் கேட்கக்கூடும். பிழையான பட்டியல் தொலைபேசிக்கு மாறினாலும் பிழையான பட்டியல்தான். எண் கைமாறும், இறந்தவரின் இலக்கம் இன்னொருவருக்குக் கொடுக்கப்படும். கொக்குவிலாரையும் தோட்டத்தாரையும் விலாசம் இல்லாதவர்கள் என்று ஒரு தடவை நீக்கிய பட்டியல், அவர்களுடைய தொலைபேசி எண்களையும் சேர்த்தே நீக்கியிருக்கும்.

கருத்தரங்குகளில் இனிமேல் எவரேனும் தரவுத் துப்புரவு பற்றிப் பேசினால் ஒரேயொரு கேள்வியை எழுந்து கேளுங்கள். எத்தனை பேரை நீக்கினீர்கள் என்று அல்ல. எத்தனை பேரைத் தேடிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாதவருக்குக் கைதட்ட வேண்டிய அவசியம் எமக்கில்லை. நானும் இனித் தட்டப்போவதில்லை.

அம்மாவின் பிறந்த மாதம் மீண்டும் வருகின்றது. இம்முறை நகைக் கடைக்கு நான் நான்காவது கடிதம் எழுதப்போவதில்லை. இரண்டு உறைகளையும் பிரிக்காமல், ‘காலமாகிவிட்டார்’ என்று மேலே எழுதித் தபாற்காரரிடமே திருப்பிக் கொடுக்கப் போகின்றேன். அங்கே சாக்கை அவிழ்த்து வாசிப்பவர் ஒருவராவது இருந்தால் நல்லது.